சோலார் வாட்டர் ஹீட்டர்: தட்டா, குழாயா? உங்க வீட்டுத் தண்ணியைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்!

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் விடியற்காலைக் குளியலுக்கு வெந்நீர் கட்டாயம். மலையடிவார ஊர்கள் என்பதால் அதிகாலைக் குளிர் கொஞ்சம் உறைக்கவே செய்யும். சோழபுரம் போன்ற கிராமங்களில் கொல்லையில் விறகடுப்பு, செம்பு பாய்லர், வாளிக்குள் போடும் ஹீட்டர் ராடு, பாத்ரூம் கீசர் என ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள். இப்போது புது வீடு கட்டுபவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "நம்ம ஊர்லதான் வெயில் கொளுத்துதே, மாடியில ஒரு சோலார் ஹீட்டர் போட்டா என்ன?"

போடலாம். ஆனால் கடைக்குப் போனதும் அடுத்த குழப்பம் ஆரம்பிக்கும். "எஃப்.பி.சி வேணுமா, இ.டி.சி வேணுமா?" என்பார்கள். விலையில் நல்ல வித்தியாசம் இருக்கும். இரண்டையும் விற்பவர் இரண்டையும் புகழ்வார். ஒன்றை மட்டும் விற்பவர் மற்றதைக் குறை சொல்வார். எது உங்கள் வீட்டுக்குச் சரி, வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு தெளிவு: இது கரண்ட் எடுக்கும் பேனல் அல்ல

மாடியில் நீல நிறத்தில் இருக்கும் சோலார் பேனல் வெயிலை மின்சாரமாக மாற்றும். சோலார் வாட்டர் ஹீட்டர் மின்சாரம் தயாரிப்பதில்லை. வெயிலின் சூட்டை நேரடியாகத் தண்ணீருக்குக் கொடுக்கும், அவ்வளவுதான். சூட்டை வாங்கும் பகுதிக்குப் பெயர் கலெக்டர். சூடான தண்ணீரை மறுநாள் காலை வரை ஆறாமல் வைத்திருப்பது அதன் மேலே உள்ள டேங்க்.

வீடுகளில் போடும் பெரும்பாலான ஹீட்டர்களில் மோட்டாரே கிடையாது. சூடான தண்ணீர் எடை குறைந்து மேலே ஏறும், குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். கலெக்டர் கீழே, டேங்க் மேலே இருப்பதால் இந்தச் சுற்று வெயில் இருக்கும்வரை தானாகவே நடக்கும். கரண்ட் இல்லாத நாளிலும் வேலை செய்யும்.

எஃப்.பி.சி என்றால் என்ன?

தட்டையான பெட்டி மாதிரி இருப்பது எஃப்.பி.சி. அலுமினியப் பெட்டிக்குள் கறுப்புப் பூச்சு பூசிய உலோகத் தகடு இருக்கும். தகட்டோடு மெல்லிய செம்புக் குழாய்கள் ஒட்டியிருக்கும். மேலே கெட்டியான கண்ணாடி, அடியில் சூடு வெளியேறாமல் தடுக்கும் பஞ்சு போன்ற பொருள். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே போய்த் தகட்டைச் சுடவைக்கும். அந்தச் சூடு குழாய்க்குள் ஓடும் தண்ணீருக்குப் போகும். வழக்கமான ஒரு பெட்டி சுமார் 2 சதுர மீட்டர் இருக்கும். ஒரு நாளைக்கு 100 லிட்டர் வெந்நீருக்கு ஒரு பெட்டி போதும்.

இ.டி.சி என்றால் என்ன?

வரிசையாகக் கண்ணாடிக் குழாய்களை அடுக்கியது போல இருப்பது இ.டி.சி. ஒவ்வொரு குழாயும் உண்மையில் இரண்டு குழாய், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் உள்ள காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி மூடியிருப்பார்கள். வீட்டில் இருக்கும் பிளாஸ்க்கை நினைத்துக்கொள்ளுங்கள், அதே வேலைதான். உள்குழாயின் மேல் இருக்கும் கறுப்புப் பூச்சு வெயிலை வாங்கும். வெற்றிடம் இருப்பதால் வாங்கிய சூடு எளிதில் வெளியே போகாது. குழாய்கள் நேராக டேங்கில் செருகப்பட்டிருக்கும்.

குழாயின் அடிமுனையில் வெள்ளி மாதிரி பளபளக்கும் ஒரு பூச்சு தெரியும். வாங்கும்போது இதைப் பாருங்கள். வெற்றிடம் போய்விட்டால் அந்த வெள்ளி நிறம் மங்கி வெள்ளையாகிவிடும். அப்படி வெளுத்த குழாய் உடையாவிட்டாலும் சூட்டைத் தேக்கிவைக்காது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

வெயில் அதிகமுள்ள ஊருக்கு எது நல்லது?

"இ.டி.சி-தான் லேட்டஸ்ட், அதுதான் அதிகம் சூடாகும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பாதி உண்மை. வெற்றிடக் குழாயின் பலம் குளிர்ப் பிரதேசத்தில்தான் முழுதாகத் தெரியும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் வெளிக்காற்று சில்லென்று இருக்கும்போது தட்டைப் பெட்டி கொஞ்சம் சூட்டை இழக்கும், குழாய் இழக்காது.

ஆனால் சோழபுரம், ராஜபாளையம் பக்கம் பகல் வெப்பமே பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல். வெளியே சூடாக இருக்கும்போது தட்டைப் பெட்டி இழக்கும் சூடும் குறைவுதான். நமக்குத் தேவை 60 டிகிரி தண்ணீர். அதை இரண்டுமே தரும். அதனால் நம்ம ஊரில் தீர்ப்பைச் சொல்வது வெயில் அல்ல, உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர்.

உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?

சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் வெள்ளையாகப் படியும். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில், ஹீட்டர் ராடின் மேல் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியிருப்பது அதுதான்.

எஃப்.பி.சி-யின் செம்புக் குழாய்கள் மெல்லியவை. கடினத் தண்ணீரை நேரடியாக விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே படிந்து அடைத்துவிடும். முதல் வருடம் நன்றாகச் சுடும், போகப் போகச் சூடு குறையும். "வாங்கினப்ப நல்லா இருந்துச்சு, இப்ப வெதுவெதுன்னுதான் வருது" என்ற புகாரின் காரணம் பல வீடுகளில் இதுதான். ஆசிட் விட்டுக் கழுவ வேண்டிவரும்.

இ.டி.சி குழாயின் உள்வாய் அகலமானது. படிவு விழுந்தாலும் சீக்கிரம் அடைக்காது. அடியில் தேங்கும் கசடைக் கழுவிவிடலாம். எனவே போர்வெல் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் வீட்டுக்கு இ.டி.சி பொருத்தம். அதே வீட்டில் எஃப்.பி.சி-தான் வேண்டும் என்றால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள மாடலைக் கேளுங்கள். அதில் கலெக்டருக்குள் ஒரு நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். நீங்கள் குளிக்கும் தண்ணீர் அந்தச் செம்புக் குழாய்க்குள் போகவே போகாது. விலை இன்னும் கூடும்.

தண்ணீரை எப்படிச் சோதிப்பது? பலர் டி.டி.எஸ் மீட்டரை நனைத்துப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். டி.டி.எஸ் என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புகளின் மொத்தம், கடினத்தன்மை அதில் ஒரு பகுதி. இரண்டும் ஒன்றல்ல. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு என இரண்டு எண்களைப் பாருங்கள். இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே இல்லாத நிலையில் 600 வரை அனுமதி. குடிக்கச் சொல்லப்பட்ட இந்த எண்களே ஹீட்டருக்கும் ஒரு வழிகாட்டி. 200-ஐத் தாண்டிவிட்டால் தண்ணீர் நேரடியாக ஓடும் எஃப்.பி.சி-யைத் தவிர்ப்பது நல்லது.

கலெக்டரைப் பார்த்தாச்சு, டேங்கைப் பார்த்தீங்களா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இ.டி.சி குழாய் உப்புத் தண்ணீரைத் தாங்கும் என்பது சரி. அது செருகப்பட்டிருக்கும் டேங்க் தாங்குமா? குளோரைடு அதிகமுள்ள சூடான தண்ணீரில் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் ஊசி குத்தியது போல ஓட்டை விழும். வெல்டிங் ஓரங்களில்தான் முதலில் ஆரம்பிக்கும். வெளித்தகடு புதுசு போலவே இருக்கும், உள்ளே ஒழுகிக்கொண்டிருக்கும்.

டேங்க் விஷயத்தில் கேட்க வேண்டியவை:

- உள் டேங்க் எந்த உலோகம்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 304-ஆ, 316-ஆ? உப்பைத் தாங்குவதில் 316 மேல்.
- கிளாஸ் லைனிங் செய்த இரும்பு டேங்கா? உப்புத் தண்ணீருக்கு இது நல்ல தேர்வு. ஆனால் உள்ளே மெக்னீசியம் கம்பி இருக்க வேண்டும். டேங்க் அரிக்காமல் இருக்கத் தான் கரையும் கம்பி அது. கரைந்து தீர்ந்ததும் மாற்ற வேண்டும்.
- தகட்டின் கனம் எவ்வளவு? சூடு காக்கும் ஃபோம் எத்தனை மில்லிமீட்டர்? ஃபோம் மெல்லியதாக இருந்தால் மாலையில் கொதித்த தண்ணீர் விடியும்போது வெதுவெதுப்பாகத்தான் வரும்.
- வாரன்டி அட்டையில் உப்புத் தண்ணீர், கடினத் தண்ணீரால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று எழுதியிருக்கிறதா? பணம் கொடுக்கும் முன் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.

எத்தனை லிட்டர் வாங்கலாம்?

ஒரு கணக்கு. டேங்கில் 60 டிகிரி வெந்நீர், பச்சைத் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க 40 டிகிரி போதும். அப்படியானால் 15 லிட்டர் வாளியில் வெந்நீர் ஐந்தரை லிட்டர்தான், மீதி பச்சைத் தண்ணீர். ஒருவர் நான்கு வாளி ஊற்றிக் குளித்தாலும் 22 லிட்டர் வெந்நீர்தான் செலவாகும். எனவே நான்கு பேர் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர் தரும் ஹீட்டர் போதும். ஷவரில் நின்று குளிப்பவர்கள், கூட்டுக் குடும்பம் என்றால் 150 அல்லது 200 லிட்டர்.

தேவைக்கு மேல் பெரிதாக வாங்குவது வீண் செலவு மட்டுமல்ல. கோடையில் யாரும் பயன்படுத்தாத தண்ணீர் டேங்கில் கொதிநிலையை நெருங்கும். குழந்தைகள் குழாயைத் திறந்தால் வெந்துவிடும். எந்த மாடலாக இருந்தாலும் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

மிச்சமாகும் கரண்ட் எவ்வளவு?

100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த ஏறக்குறைய மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். தினமும் கீசரில் இதைச் செய்தால் இரண்டு மாத பில்லில் 210 யூனிட் ஏறும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். ஆனால் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். 350 யூனிட் ஓட்டும் வீடு கீசரால் 560-க்குப் போனால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, பழைய யூனிட்டுகளுக்கும் சேர்த்து பில் எகிறும்.

ஆனால் நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் மாடி டேங்க் தண்ணீரே சுடுகிறது, யாருக்கு வெந்நீர் வேண்டும்? வருடத்தில் 120 நாள் மட்டும் வெந்நீர் தேவைப்படும் வீட்டில் மிச்சம் சுமார் 420 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்று வைத்தால் 2,100 ரூபாய். ஹீட்டருக்கு 20,000 ரூபாய் செலவு என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொண்டால், முதல் திரும்ப ஒன்பதரை வருடம் ஆகும். வயதானவர்கள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வருடத்தில் 300 நாள் பயன்பட்டால் அதே பணம் நான்கு வருடத்துக்குள் திரும்பிவிடும். கடைக்காரர் சொல்லும் கணக்கை விடுங்கள். உங்கள் வீட்டு நாள்கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

விறகு வாங்கி எரிப்பவர்களுக்கும், புகையில் நின்று வெந்நீர் போடுபவர்களுக்கும் கணக்கு வேறு. வாளியில் ராடு போட்டு ஷாக் அடிக்கும் ஆபத்து இல்லை என்பதற்கு ரூபாயில் விலை போட முடியாது.

மானியம் உண்டா?

ஒரு காலத்தில் இருந்தது. 2010-ல் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய சக்தி இயக்கத்தில் வாட்டர் ஹீட்டருக்கும் மத்திய அரசு மானியம் கொடுத்தது. 2014-ல் அது நிறுத்தப்பட்டது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஆனால் அது மின்சாரம் தயாரிக்கும் பேனலுக்கு மட்டும். "சூர்ய கர் மானியத்துல வாட்டர் ஹீட்டர் போட்டுத் தர்றோம், அட்வான்ஸ் குடுங்க" என்று யாராவது சொன்னால் உஷாராகுங்கள்.

அப்படியானால் பேனலே போட்டுவிடலாமா?

நியாயமான கேள்வி. 1 கிலோவாட் பேனல் நம் பகுதியில் நாளைக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். அதாவது 100 லிட்டர் வெந்நீருக்குத் தேவையான மின்சாரத்தை அது ஒன்றே ஈடுகட்டும். ஆனால் அதற்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். வாட்டர் ஹீட்டரின் கலெக்டருக்கு 22 சதுர அடி போதும். ஏனென்றால் பேனல் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்கும், கலெக்டரோ பாதி அளவுக்குச் சூடாக மாற்றிவிடும்.

மாடியில் இடம் நிறைய இருக்கிறது, ஏசி, ஃபிரிட்ஜ் என்று பில் அதிகம், வெந்நீர் சில மாதம்தான் தேவை என்றால் மானியத்தோடு பேனல் போடுவது லாபம். வெந்நீர் வருடம் முழுக்கத் தேவை, இடம் குறைவு, மற்ற கரண்ட் செலவு கம்மி என்றால் வாட்டர் ஹீட்டர். ஹாஸ்டல், லாட்ஜ், மருத்துவமனை, பால்கோவா தயாரித்துத் தினமும் பாத்திரம் கழுவும் இடங்களுக்கெல்லாம் வாட்டர் ஹீட்டர் சீக்கிரம் முதலை எடுத்துக் கொடுக்கும்.

மாடியில் எப்படிப் பொருத்த வேண்டும்?

- கலெக்டர் தெற்குப் பார்த்து இருக்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். வெந்நீர் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். நம் பகுதி வட அட்சம் ஒன்பதரை டிகிரியில் இருக்கிறது. அதோடு பத்துப் பதினைந்து டிகிரி சேர்த்து, 20 முதல் 25 டிகிரி சாய்வில் வைப்பது குளிர்காலத்துக்கு நல்லது.
- மேற்கே மலை இருப்பதால் சாயங்கால வெயில் நமக்குச் சீக்கிரம் மறைந்துவிடும். அதனால் காலை, மதிய வெயிலை மறைக்கும் தென்னை மரமோ பக்கத்து வீட்டுச் சுவரோ கிழக்கிலும் தெற்கிலும் இருக்கக் கூடாது.
- பச்சைத் தண்ணீர் டேங்கின் அடிப்பாகம், சோலார் டேங்கின் மேல்பாகத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தரையோடு வைத்த சின்டெக்ஸ் டேங்க் என்றால் மேடை கட்ட வேண்டிவரும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.
- டேங்கிலிருந்து மேலே போகும் ஏர் வென்ட் குழாயை மூடவே கூடாது. அது பச்சைத் தண்ணீர் டேங்கைவிட உயரமாக இருக்க வேண்டும்.
- வீட்டில் பிரஷர் பம்ப் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சாதாரண இ.டி.சி அந்த அழுத்தத்தைத் தாங்காது. அழுத்தம் தாங்கும் மாடல் தனியாக உண்டு.
- வெந்நீர் குழாய்க்குச் சாதாரண பி.வி.சி போடக் கூடாது, வளைந்துவிடும். சி.பி.வி.சி போட்டு, மேலே சூடு காக்கும் உறை சுற்றுங்கள்.
- டேங்குக்கும் பாத்ரூமுக்கும் தூரம் குறைவாக இருக்கட்டும். முக்கால் இஞ்ச் குழாய் 15 மீட்டர் ஓடினால், வெந்நீர் வருவதற்குள் நாலரை லிட்டர் ஆறிய தண்ணீர் வீணாக வெளியேறும்.
- ஆடிக் காற்றுக்கு ஸ்டாண்டு ஆடாமல் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். 100 லிட்டர் தண்ணீர் மட்டுமே 100 கிலோ எடை. ஓட்டு வீடு, தகரக் கூரை மேல் நேரடியாக வைக்க முடியாது.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது இரண்டு மூன்று நாள் தொடர்ந்து வெயிலே இருக்காது. எந்தக் கலெக்டரும் அப்போது முழுச் சூடு தராது. டேங்குக்குள் பேக்கப் காயில் வைத்துத் தருவார்கள். அதைப் போட்டால் 100 லிட்டரையும் சேர்த்துச் சூடாக்கும். எப்போதாவது ஒரு வாளிதான் வேண்டும் என்றால் பாத்ரூமில் சின்ன கீசர் ஒன்று வைத்துக்கொள்வதே சிக்கனம். காயிலின் சுவிட்ச் ஆனில் மறந்துபோய்க் கிடந்தால் சோலார் போட்டும் பில் குறையாது!

பராமரிப்பு: இதை மட்டும் மறக்காதீங்க

- கலெக்டர் கண்ணாடியில் தூசி படிந்தால் சூடு குறையும். மாதம் ஒருமுறை காலை நேரத்தில் கழுவுங்கள்.
- ஆறு மாதத்துக்கு ஒருமுறை டேங்கை வடித்துக் கசடை வெளியேற்றுங்கள்.
- உச்சிவெயிலில் காலியான இ.டி.சி குழாய்க்குள் பச்சைத் தண்ணீரை விடவே கூடாது. காலியான குழாய் 200 டிகிரிக்கு மேலும் சூடாகியிருக்கும், பட்டென்று உடைந்துவிடும். காலையிலோ இரவிலோ நிரப்புங்கள்.
- இ.டி.சி-யில் ஒரு குழாய் உடைந்தால் டேங்க் தண்ணீர் முழுவதும் கொட்டிவிடும். பச்சைத் தண்ணீர் வரும் வழியில் ஒரு வால்வு கட்டாயம் இருக்கட்டும். உடைந்த குழாயை மட்டும் மாற்றினால் போதும்.
- குரங்கு வரும் மலையடிவார வீடுகளில் கண்ணாடிக் குழாய்க்குக் கம்பி வலை பாதுகாப்பு தேவைப்படலாம். இந்த விஷயத்தில் தட்டைப் பெட்டி கெட்டி. மேல்கண்ணாடி உடைந்தாலும் தண்ணீர் கொட்டாது.

தரத்துக்கு என்ன அடையாளம்?

எஃப்.பி.சி-க்கு ஐ.எஸ் 12933 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. இ.டி.சி-யின் டேங்க், குழாய், முழு ஹீட்டர் ஆகிய மூன்றுக்கும் ஐ.எஸ் 16542, 16543, 16544 என மூன்று தரநிலைகள். பில்லிலும் பொருளிலும் இந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். உலக அளவில் இது சோதனை முயற்சியல்ல. புது வீடுகளுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டர் கட்டாயம் என்று இஸ்ரேல் 1980-லேயே சட்டம் போட்டுவிட்டது.

சுருக்கமாக: யாருக்கு எது?

- போர்வெல் உப்புத் தண்ணீர், பட்ஜெட் குறைவு: இ.டி.சி. டேங்க் மட்டும் கிளாஸ் லைனிங் அல்லது 316.
- நல்ல தண்ணீர், நீண்ட காலம் உழைக்க வேண்டும், குரங்குத் தொல்லை: எஃப்.பி.சி. விலை கூடுதல்தான். ஆனால் உள்ளிருக்கும் செம்புக்குப் பழைய விலையாவது கிடைக்கும்.
- உப்புத் தண்ணீர், ஆனாலும் தட்டைப் பெட்டிதான் வேண்டும்: ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ள எஃப்.பி.சி.
- பிரஷர் பம்ப் உள்ள வீடு: அழுத்தம் தாங்கும் மாடல் மட்டும்.
- வருடத்தில் மூன்று நான்கு மாதம்தான் வெந்நீர்: அவசரப்பட வேண்டாம். சின்ன கீசரோடு, மானியத்தில் பேனல் போட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

கடைக்குப் போகும் முன் ஒரு பாட்டிலில் வீட்டுத் தண்ணீரைப் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு "இந்தத் தண்ணிக்கு எது தாங்கும், எழுத்துல குடுங்க" என்று கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். பத்து வருட மார்கழிக் குளியலும் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.